கடைக் காணியை ஈடு வைக்க வேண்டாம்: உழவு இயந்திர விற்பனை நிலையத்தில் நிற்கும் மகளுக்கு ஒரு வழி

அன்புள்ள ஐயா,

தென்மராட்சியில் சிறிய உழவு இயந்திர விற்பனை நிலையம் ஒன்றை நடத்திவரும் நீங்கள், உயர்தரப் பரீட்சைக்கு உயிரியல் பிரிவில் இரண்டு தடவை தோற்றிய மகளை அடுத்து என்ன படிப்பிப்பது என்று கேட்டு வந்தீர்கள். பெறுபேறு ஒரு சி (திறமைச் சித்தி), இரண்டு எஸ் (சாதாரண சித்தி). மூன்றாம் தடவையும் எழுதட்டும் என்று பெரியம்மா சொல்கிறார். கொழும்பில் வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றோடு இணைந்த தனியார் நிறுவனத்தில் உயிர்மருத்துவ விஞ்ஞானப் பட்டத்திற்குச் சேர்த்துவிடுங்கள், பாதிக் காசை நான் அனுப்புகிறேன் என்று இலண்டனில் இருக்கும் தாய்மாமன் சொல்கிறார். மீதிப் பாதிக்குக் கடைக் காணியை வங்கியில் ஈடு வைக்கலாமா என்பது உங்கள் யோசனை. மகளோ பெறுபேறு வந்த நாளிலிருந்து உங்கள் கடையின் உதிரிப்பாகப் பகுதியில்தான் நிற்கிறார். அதை நீங்கள் ஒரு குறையாகச் சொன்னீர்கள். நான் அதைத்தான் முதன்மையான செய்தியாக எடுத்துக்கொண்டேன்.

பிள்ளை இன்னும் சிறியவர், காலம் வந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று சொல்லி உங்களை அனுப்பிவைக்க என்னால் முடியும். அப்படிச் சொன்னால் நீங்கள் நேரே வங்கிக்குப் போய்விடுவீர்கள் என்பதால் ஒளிக்காமல் எழுதுகிறேன். நீங்கள் காட்டிய கணக்கின்படி 3 வருடக் கட்டணமும் தங்குமிடமும் சாப்பாடும் சேர்ந்து 50 இலட்சத்தைத் தாண்டுகிறது. மைத்துனர் பாதியைத் தந்தாலும் மற்றப் பாதி உங்கள் தலையில் விழும். அந்தக் காணி உறுதியை நம்பித்தான் வங்கி உங்களுக்கு மிகைப்பற்று, அதாவது கணக்கில் இருப்பதைவிடக் கூடுதலாக எடுக்கும் வசதி, தருகிறது. அந்த மிகைப்பற்றை நம்பித்தான் காலபோகத்துக்கு (மாரி மழையோடு செய்யும் பெரும்போக நெற்செய்கைக்கு) முன்னர் நீங்கள் இயந்திரமும் கலப்பையும் உதிரிப்பாகமும் இறக்குகிறீர்கள். உறுதியை ஒரு பட்டத்திற்காக ஈடு வைத்தால், பட்டம் முடியும்போது மகளுக்கு வேலையும் இல்லாமல் உங்களுக்குக் கடையும் இல்லாமல் போகக்கூடும். அந்தப் பட்டத்தின் பெயரில் மருத்துவம் என்ற சொல் இருக்கிறது, ஆனால் அது ஒருவரை மருத்துவராக்கும் பட்டம் இல்லை. வைத்தியசாலை ஆய்வுகூடத்தில் மருத்துவ ஆய்வுகூடத் தொழில்நுட்பவியலாளராக வேலை செய்வதற்கு இலங்கை மருத்துவ சபையின் பதிவு வேண்டும். தங்கள் பட்டம் அந்தப் பதிவுக்கு ஏற்கப்படும் என்று எழுத்தில் தராத எந்த நிறுவனத்திற்கும் ஒரு சதமும் கட்டாதீர்கள்.

மூன்றாம் தடவை எழுதுவதைப் பற்றி அதிகம் பேச எனக்கு விருப்பமில்லை. பல்கலைக்கழக அனுமதிக்கு அதுவே கடைசித் தடவை என்பது மகளுக்கும் தெரியும். எனக்கு விலங்கியல் படிக்க இனி மனமில்லை என்று அவர் உங்கள் முன்னிலையிலேயே தெளிவாகச் சொன்னார். இதில் பெரியம்மாவின் விருப்பத்திற்கு நான் இடம் கொடுக்க மாட்டேன்.

இனி, நீங்கள் ஒரு தொழிலாகவே எண்ணிப்பார்க்காத விடயத்திற்கு வருகிறேன். விவசாய இயந்திரங்களின் உதிரிப்பாக, பழுதுபார்ப்புச் சேவை முகாமைத்துவம் என்பது முறையாகப் படித்துச் செய்யவேண்டிய ஒரு தொழில். அதற்கு ஆட்கள் இல்லாத குறை வடக்கு முழுவதும் இருக்கிறது. நீங்கள் இயந்திரத்தை விற்பவராகவே உங்களை நினைத்துக்கொள்கிறீர்கள். ஆனால் புதிய இயந்திரம் ஒன்றில் சிறிய முகவருக்குக் கிடைக்கும் இலாபம் மெல்லியது. கடை வருடம் முழுவதும் ஓடுவது வடிகட்டி, பட்டி, கிளச் தட்டு, கலப்பைக் கொழு, ரயர், சுழல் கலப்பையின் கத்தி ஆகியவற்றிலும் பழுதுபார்ப்பிலும்தான். 2020இல் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, 2022இல் டொலர் ஒன்று ஏறக்குறைய 200 ரூபாயிலிருந்து 360 ரூபாய் வரை ஏறியபோது, புதிய இயந்திரத்தை மட்டும் நம்பியிருந்த கடைகள் வெறுமையாக நின்றதையும், பழைய இயந்திரங்களை ஓடவைக்கத் தெரிந்த கடைகள் வேலை நெருக்கத்தில் திணறியதையும் நீங்களே கண்டிருப்பீர்கள்.

உங்கள் கடைக்கு வருபவர் எதைப் பார்க்கிறார் என்று மகளிடம் கேட்டேன். அவர் சொன்ன பதில்தான் இந்தக் கடிதத்தை எழுதவைத்தது. "விலையைக் கேட்க முதல், இதின்ரை சாமான் எங்கை கிடைக்கும் எண்டுதான் கேக்கினம்" என்றார். நிறத்தையும் குதிரைவலுவையும் விளம்பரத் தாள் சொல்லிவிடும். ஐப்பசியில் மழை தொடங்கி, விதைப்புக்கு நிலம் பதமாக இருக்கும் சில நாட்களுக்குள் கிளச் போய்விட்டால் அன்று மாலைக்குள் தட்டு கிடைக்குமா என்பதே கமக்காரரின் உண்மையான கேள்வி. ஏனென்றால் வாங்குபவர்களில் பலர் தம் வயலை மட்டும் உழுவதற்கு வாங்குவதில்லை. ஊரவரின் வயலைக் கூலிக்கு உழுது, அரிவி வெட்டு முடிந்தபின் இழுவைப் பெட்டியைக் கொழுவி நெல்லும் வைக்கலும் மண்ணும் ஏற்றித்தான் தவணைப் பணத்தைக் கட்டுகிறார்கள். அந்தச் சில நாட்கள் இயந்திரம் நின்றால் அந்தப் போகத்தின் வருமானமே போய்விடும்.

அடுத்து அவர்கள் பார்ப்பது மறுவிற்பனை. 1964இல் வெளிவந்த மசி பெர்குசன் 135 வகை இயந்திரத்தை இன்றும் தேடி வாங்குபவர் இருப்பதற்குக் காரணம், அதைத் திறந்து பூட்டத் தெரிந்த கைகள் ஊருக்கு ஊர் இருப்பதும், 1960இல் சென்னையில் தொடங்கப்பட்ட டாஃபே நிறுவனம் அந்த வகை இயந்திரங்களைத் தொடர்ந்து தயாரித்து வந்ததால் பாகங்களுக்குத் தட்டுப்பாடு குறைவாக இருப்பதும் ஆகும். அதனால்தான் புதிய பெயருடன் குறைந்த விலையில் வரும் இயந்திரத்தைக் கமக்காரர் ஐயத்தோடு பார்க்கிறார்.

நிலத்தின் தன்மை மூன்றாவது விடயம். வலிகாமத்தின் செம்பாட்டுத் தோட்டங்களில் வெங்காயமும் புகையிலையும் செய்பவருக்கு நிலம் பரப்புக் கணக்கில்தான் இருக்கும். 16 பரப்புச் சேர்ந்தால்தான் ஓர் ஏக்கர். சிறிய துண்டில், வேலிக்கும் கிணற்றுக்கும் இடையில் திருப்ப முடியாத பெரிய இயந்திரம் அவருக்கு வீண் செலவு; இரு சில்லு இயந்திரமே போதுமாக இருக்கலாம். இரணைமடுக் குளத்தின் கீழோ மன்னாரில் கட்டுக்கரைக் குளத்தின் கீழோ வயல் செய்பவருக்குச் சேற்றில் தாழாமல் இழுக்கும் நான்கு சில்லு இயந்திரம் வேண்டும். நிலம் எங்கே, எவ்வளவு, என்ன பயிர், யாருக்குக் கூலிக்கு உழப்போகிறீர்கள் என்று கேட்காமல் இயந்திரத்தைக் காட்டுகிற விற்பனையாளர் அந்த வாடிக்கையாளரை ஒரே விற்பனையோடு இழக்கிறார்.

பழைய இயந்திரத்தைக் கொடுத்துப் புதியதை எடுக்க வருபவரிடம் எதைப் பார்க்கவேண்டும் என்று மகளுக்கு நான் சில கேள்விகள் கொடுத்துப் பார்த்தேன். எஞ்சின் குளிர்ந்திருக்கும்போதே இயக்கிப் பார்க்கவேண்டும், நீலப் புகை வந்தால் ஒயில் எரிகிறது என்றார். பின் அச்சின் ஒயிலைத் திறந்து பார்த்து அது பால்போல் வெளுத்திருந்தால், சேற்று உழவில் சீல் வழியாகத் தண்ணீர் உள்ளே போயிருக்கிறது என்றார். கலப்பையைத் தூக்கி நிறுத்தி எஞ்சினை அணைத்தபின் அது விரைவாக இறங்கினால் ஹைட்ரோலிக்கில் தேய்வு இருக்கிறது என்றார். செம்பாட்டுப் புழுதி காற்று வடிகட்டியின் குழாயில் உள்ள சிறு வெடிப்பு வழியாகப் புகுந்தால் சிலிண்டர் எவ்வளவு விரைவில் தேயும் என்பதும், சுண்ணாம்புக்கல்லில் ஊறிய எங்கள் கிணற்று நீரை ரேடியேற்றரில் விட்டால் உட்புறத்தில் படிவு பிடித்து எஞ்சின் சூடாகும் என்பதும் அவருக்குத் தெரிந்திருந்தது. இவற்றை யாரும் அவருக்குப் பாடமாகச் சொல்லிக் கொடுக்கவில்லை. உங்கள் மெக்கானிக்கின் பக்கத்தில் நின்று கேட்டுக் கேட்டு அறிந்திருக்கிறார். உயிரியல் பிரிவில் இரண்டு எஸ் எடுத்த பிள்ளை மந்தமானவர் என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள்.

ஆயினும் கேள்வி ஞானத்தை வைத்து மட்டும் ஒருவரைக் கடையில் இருத்திவிடுவதற்கு நான் உடன்பட மாட்டேன். அதற்கு ஒரு சான்றிதழ் வேண்டும், அது நாடு முழுவதும் செல்லுபடியாகவும் வேண்டும். தேசிய தொழிற்றகைமைச் சட்டகத்தில் 1 முதல் 7 வரை மட்டங்கள் இருக்கின்றன. 3ஆம், 4ஆம் மட்டங்கள் தொழிற் சான்றிதழ்கள், 5ஆம், 6ஆம் மட்டங்கள் டிப்ளோமாக்கள், 7ஆம் மட்டம் பட்டத்திற்குச் சமமானது. கிளிநொச்சி அறிவியல் நகரில் 2016இல் திறக்கப்பட்ட இலங்கை ஜேர்மன் பயிற்சி நிறுவனத்தில் மோட்டார் வாகனத் தொழில்நுட்பம் பயிற்றுவிக்கப்படுகிறது. தென்மராட்சியிலிருந்து ஏ9 வீதியால் பேருந்தில் போய்வரக்கூடிய தூரம்தான். நேரே போய் அனுமதித் திகதியையும் தகைமையையும் கேட்டு, பட்டறையையும் மகளுக்குக் காட்டிக்கொண்டு வாருங்கள். உழவு இயந்திரத்திற்கும் லொறிக்கும் டீசல் எஞ்சின் அடிப்படை ஒன்றே. கலப்பை இணைப்பையும், எஞ்சினின் வலுவைப் பின்னால் பூட்டும் கருவிக்குக் கடத்த நிமிடத்துக்கு 540 தடவை சுழலும் பி.ரி.ஓ. தண்டையும், ஹைட்ரோலிக்கையும் உங்கள் பட்டறையிலேயே மேலதிகமாகக் கற்கலாம். 4ஆம் மட்டத்தில் கால் வைத்தபின் மேலே படிக்கும் பாதை திறந்தே இருக்கும். ஆகவே இத்தோடு படிப்பு முடிந்தது என்று உறவினர்கள் புலம்புவதற்குக் காரணமில்லை.

அதனுடன் கணக்கீடும் அவசியம். இலங்கைக் கணக்கீட்டுத் தொழில்நுட்பவியலாளர் கழகத்தின் பரீட்சைகளை வேலை செய்துகொண்டே எழுதலாம். சிறிய உதிரிப்பாகக் கடைகள் மூடப்படுவதற்குப் பெரும்பாலும் விற்பனைக் குறைவு காரணமாவதில்லை; எந்தப் பாகம் எத்தனை மாதம் தட்டில் உறங்குகிறது, எது காலபோகத்துக்கு முன்னரே தீர்ந்துவிடுகிறது என்ற கணக்கு இல்லாததும், கடனுக்குக் கொடுத்த சாமானை எழுதிவைக்காததும்தான் அவற்றை மூடவைக்கின்றன. உங்கள் கடையில் அந்தக் கணக்கு இன்று உங்கள் நினைவில் மட்டும் இருக்கிறது. சிங்களமும் அவர் பேசப் பழகவேண்டும். கொழும்பில் உள்ள இறக்குமதியாளரின் களஞ்சியத்தோடு ஒரு பாகத்திற்காக மணிக்கணக்கில் தொலைபேசியில் நிற்பது இந்தத் தொழிலில் அன்றாட வேலை.

பெண்பிள்ளை உழவு இயந்திரக் கடையில் நின்றால் கலியாணம் எப்படி அமையும் என்று உங்கள் மனைவி கேட்டார். அந்தக் கவலையை நான் சிறிதாக்க விரும்பவில்லை. ஆனால் அதற்காகப் பிள்ளையின் வேலையை மாற்றச் சொல்லவும் மாட்டேன். உங்கள் கடைக்குள் வரும் குடும்பங்களைக் கவனியுங்கள். முற்பணத்திற்காக வங்கியில் அடகு வைக்கப்படும் நகை அந்த வீட்டுப் பெண்ணுடையது. மாதாமாதம் லீசிங் தவணை கட்டமுடியுமா, தை, மாசியில் நெல் விற்றால்தானே காசு வரும் என்று கேட்பவரும் பெரும்பாலும் அவர்தான். அந்தத் தாய் தன் பயத்தைச் சொல்லிக் கணக்குப் பார்க்கக்கூடிய ஒரு பெண் கடையில் இருப்பது வாங்கும் குடும்பத்திற்குப் பெரிய உதவி. மாதத் தவணையைக் கட்டமுடியாத குடும்பத்திற்கு, இந்த வருடம் வேண்டாம், கூலிக்கு உழுவித்துக்கொள்ளுங்கள் என்று சொல்லி அனுப்பும் நேர்மையும் அவரிடம் இருக்கிறது. நான் கேட்டபோது அவர் தயங்காமல் அப்படித்தான் சொன்னார். லீசிங் நிறுவனம் பறித்துக்கொண்டுபோன இயந்திரம் ஒன்று கிராமத்தில் ஒரு கடையின் பெயரை எவ்வளவு காலத்திற்குக் கெடுக்கும் என்பது உங்களுக்குத் தெரியும்.

உங்களிடமும் நான் சிலவற்றைக் கண்டிப்பாகக் கேட்கவேண்டியிருக்கிறது. வீட்டுப் பிள்ளைதானே என்று சம்பளம் இல்லாமல் மகளை நிறுத்தக்கூடாது. மாதச் சம்பளம், அவருடைய பெயரில் வங்கிக் கணக்கு, ஊழியர் சேமலாப நிதி ஆகிய மூன்றும் முதல் மாதத்திலிருந்தே இருக்கவேண்டும். பயிற்சி முடிந்தபின் குறைந்தது ஒரு காலபோகமாவது வேறொருவரின் பட்டறையில் அவர் வேலை செய்யட்டும். தகப்பனின் கடையில் யாரும் பிள்ளையின் பிழையைத் திருத்த மாட்டார்கள். பத்தாம் வகுப்பில் படிக்கும் மகனுக்குத்தான் பிற்காலத்தில் கடை என்று நீங்கள் உள்ளுக்குள் முடிவு செய்திருந்தால், அதை இப்போதே மகளிடம் சொல்லிவிடுங்கள். பத்து வருடம் உழைத்தபின் அதை அவர் அறிய நேர்வது அநியாயம். அப்படி ஒரு முடிவு இல்லையென்றால், பிரதேச செயலகத்தில் வியாபாரப் பதிவைப் பங்குடைமையாக மாற்றி, அவருடைய பங்கை எழுத்தில் குறிப்பிடுங்கள்.

மைத்துனரின் பணத்தைப் பற்றியும் ஒன்று சொல்லவேண்டும். அவர் மருமகள்மேல் உள்ள அன்பினால்தான் அனுப்ப முன்வருகிறார், அதை மறுத்து மனம் நோகச்செய்ய வேண்டியதில்லை. கொழும்புக் கட்டணத்திற்கு அவர் ஒதுக்கிய தொகையில் ஒரு சிறு பகுதியை மகளின் பயிற்சிக் காலச் செலவுக்கும், இன்னொரு பகுதியைக் காலபோகத்துக்கு முன்னர் அதிகம் கேட்கப்படும் உதிரிப்பாகங்களை வாங்கி வைப்பதற்கும் தருவாரா என்று கேளுங்கள். என்னென்ன பாகம், எத்தனை, என்ன விலை என்ற பட்டியலை மகளே தயாரித்து மாமாவுக்கு அனுப்பட்டும். பணம் அன்பளிப்பா, கடனா, கடனென்றால் எப்போது திருப்பித் தருவது என்பதை இரண்டு பக்கமும் எழுதிக் கையொப்பமிட்டுக்கொள்ளுங்கள். அவரிடமிருந்து பதில் வரும்வரை காணி உறுதி வீட்டிலேயே இருக்கட்டும்.