போரில் காலை இழந்த ராணுவ வீரர்கள் அதன் பிறகு எப்படிச் சமாளிக்கிறார்கள்?

உங்கள் அண்ணன் ஒரு காலை இழந்து வீடு திரும்பி நான்கு மாதம் ஆகிறது. யார் என்ன கேட்டாலும் "நன்றாக இருக்கிறேன்" என்பதற்கு மேல் எதுவும் சொல்வதில்லை. இவரைப் போன்றவர்கள் எப்படித்தான் சமாளிக்கிறார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். பத்தொன்பது ஆண்டுகளுக்கு முன் கண்ணிவெடியில் என் இடது கால் முழங்காலுக்குக் கீழே போனது. உங்கள் கேள்வியைப் படித்ததும் அந்த "நன்றாக இருக்கிறேன்" என்ற சொல்தான் என்னை உறுத்தியது. நானும் அதையே இரண்டு ஆண்டுகள் சொல்லிக்கொண்டிருந்தேன்.

பயிற்சியில் எங்களுக்கு முதலில் பழகுவது வலியை விழுங்குவது. கொப்புளம் உடைந்த காலோடு இரவு முழுவதும் நடப்போம். ஒருவன் உட்கார்ந்துவிட்டால் மொத்தப் பிரிவும் நிற்க வேண்டிவரும், அது எல்லோருக்கும் ஆபத்து. களத்தில் அந்தப் பழக்கம் தேவை. ஆனால் அது ஆஸ்பத்திரிப் படுக்கைக்கும் எங்களோடு வந்துவிடுகிறது. வலி பத்துக்கு எத்தனை என்று மருத்துவர் கேட்டபோது எனக்கு எட்டு இருந்தது. மூன்று என்றேன்.

அறுவைச் சிகிச்சை முடிந்த ஒன்பதாம் நாள் இரவு, தூக்கக் கலக்கத்தில் எழுந்து, இல்லாத காலை ஊன்றி விழுந்தேன். கால் இழந்த பலருக்கும் இது நடக்கும். கால் போன செய்தி மூளைக்கு எட்ட நாளாகும். தையல் பிரிந்து ரத்தம் கசிந்தது. போர்வை நுனியால் அழுத்திக்கொண்டு, விடியும் வரை யாரையும் கூப்பிடாமல் படுத்திருந்தேன்.

பக்கத்துப் படுக்கையில் தண்டுவடத்தில் குண்டு பாய்ந்த ஒரு மூத்த வீரர் இருந்தார். இடுப்புக்குக் கீழே அவருக்கு உணர்ச்சி கிடையாது. காலையிலும் மாலையிலும் நீண்ட பிடி வைத்த கண்ணாடியால் தன் முதுகையும் தொடையையும் குதிகாலையும் அங்குலம் அங்குலமாகப் பார்ப்பார். எங்காவது தோல் சிவந்திருந்தால் அந்தப் பக்கம் அழுத்தம் படாமல் திரும்பிப் படுப்பார். நான் விழுந்த சத்தம் அவருக்குக் கேட்டிருக்கிறது.

"தம்பி, இரவுக் காவலில் நிற்கிறவன் புதரில் அசைவைப் பார்த்தால் என்ன செய்ய வேண்டும்?"

"தகவல் சொல்ல வேண்டும், அண்ணா."

"சொல்லாமல் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றால்?"

நான் பேசவில்லை.

"வலி உன் உடம்பு நிறுத்தி வைத்திருக்கும் காவல்காரன். என் காவல்காரன் செத்துவிட்டான், அதனால்தான் இந்தக் கண்ணாடி. உன்னுடையவன் உயிரோடு நின்று கத்துகிறான், நீ அவன் வாயைப் பொத்துகிறாய்."

அன்றே திருந்திவிட்டேன் என்று எழுத ஆசைதான், ஆனால் பொய்யாகிவிடும். செயற்கைக் கால் வந்த பிறகும் அதே தவறைச் செய்தேன். வெட்டப்பட்ட காலின் அளவு ஒரே நாளில்கூட மாறும். காலையில் உப்பியிருந்தது மாலைக்குள் சுருங்கிவிடும். அதற்கேற்ப உள்ளே போடும் காலுறைகளைக் கூட்டிக் குறைக்க வேண்டும். இல்லாவிட்டால் கால் சாக்கெட்டுக்குள், அதாவது செயற்கைக் காலில் வெட்டுப்பட்ட கால் பொருந்தும் கூட்டுக்குள், கீழே இறங்கி, எலும்பு முனை இடிக்கும். கழற்றிய பிறகும் சிவப்பு மறையாமல் நின்றால் அங்கே புண் வரப்போகிறது என்று பொருள். இவ்வளவும் தெரிந்திருந்தும், என் தம்பியின் திருமணத்தில் ஊன்றுகோல் இல்லாமல் நடக்க வேண்டும் என்ற வீம்பில் ஒரு புண்ணை மறைத்தேன். சீழ் பிடித்தது. ஏழு வாரம் செயற்கைக் காலைப் போட முடியவில்லை. அந்த ஏழு வாரங்களில்தான் பக்கத்துப் படுக்கை அண்ணன் சொன்னது எனக்குள் இறங்கியது.

தண்டுவடம் அடிபட்டவர்களைப் பற்றிச் சொன்னதால், லுட்விக் குட்மன் என்ற மருத்துவரையும் சொல்ல வேண்டும். நாஜி ஜெர்மனியிலிருந்து தப்பி 1939இல் இங்கிலாந்துக்கு வந்தவர். 1944இல் ஸ்டோக் மாண்டவில் மருத்துவமனையில் இப்படிப்பட்ட வீரர்களுக்கான பிரிவைத் தொடங்கினார். அதற்கு முன்பு அவர்களில் பெரும்பாலோர் படுக்கைப்புண்ணாலும் சிறுநீர்த் தொற்றாலும் இறந்துபோவார்கள், மருத்துவர்களே கைவிட்டிருந்தார்கள். குட்மன் இரவும் பகலும் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை நோயாளிகளைத் திருப்பிப் படுக்கவைத்தார். உட்காரவைத்தார், வேலை கற்றுக்கொடுத்தார், விளையாடவைத்தார். 1948 ஜூலை 29 அன்று, லண்டன் ஒலிம்பிக் தொடங்கிய அதே நாளில், சக்கர நாற்காலியில் இருந்த 16 முன்னாள் படையினர் ஸ்டோக் மாண்டவிலில் வில்வித்தைப் போட்டியில் கலந்துகொண்டார்கள். இன்றைய பாராலிம்பிக் அதிலிருந்து வளர்ந்ததுதான். பலருக்குப் பதக்கங்கள் நினைவிருக்கும். எனக்கு அந்த இரண்டு மணி நேரக் கணக்குதான் பெரிதாகத் தெரிகிறது. சாகப் போகிறவன் என்று ஒதுக்கப்பட்டவனை நள்ளிரவில் ஒருவர் வந்து திருப்பிப் படுக்கவைத்திருக்கிறார்.

உங்கள் அண்ணன் சொல்லாமல் வைத்திருக்கக்கூடிய இன்னொன்று, இல்லாத காலில் வரும் வலி. என் இல்லாத கட்டைவிரலை யாரோ பின்னோக்கி முறுக்குவதுபோல் இருக்கும். பைத்தியம் என்று நினைத்துவிடுவார்களோ என்று பல மாதம் வாய் திறக்கவில்லை. அமெரிக்க உள்நாட்டுப் போரில் காயம்பட்டவர்களுக்குச் சிகிச்சை செய்த சைலஸ் வெயர் மிட்செல் என்ற மருத்துவர் 1871இலேயே இதற்குப் பெயர் வைத்துவிட்டார் என்பது எனக்கு அப்போது தெரியாது. தெரிந்திருந்தால் எத்தனையோ இரவுகள் மிச்சமாகியிருக்கும்.

இதற்கு மருந்துகள் உண்டு. கண்ணாடிப் பயிற்சி என்றும் ஒன்று உண்டு. 1990களில் நரம்பியல் அறிஞர் வி. எஸ். ராமச்சந்திரன் முன்வைத்தது அது. இரு கால்களுக்கும் நடுவில் கண்ணாடியை வைத்து, நல்ல காலை அசைத்தபடி பிம்பத்தைப் பார்க்க வேண்டும். போன கால் திரும்பி வந்து அசைவதுபோல் தெரியும். கால் இழந்த அமெரிக்க வீரர்களிடம் நடத்தி 2007இல் வெளியான ஒரு சிறிய ஆய்வில், நான்கு வாரம் தினமும் 15 நிமிடம் இதைச் செய்தவர்கள் எல்லோருக்குமே வலி குறைந்தது. எல்லோருக்கும் பலிக்கும் என்று உறுதி தர முடியாது. எனக்கு முறுக்கும் வலி தளர்ந்தது, எரிச்சல் மட்டும் இன்னும் எப்போதாவது வரும். முதல் நாள் கண்ணாடியில் இரண்டு கால்களைப் பார்த்ததும் அழுதுவிட்டேன். ஆகவே முதல் முறை மருத்துவரின் துணையோடு செய்யட்டும்.

வெளியே தெரியாத காயங்களும் இருக்கும். வெடிச்சத்தத்தில் செவி மந்தமாகி, காதுக்குள் ஓயாமல் இரைச்சல் கேட்பவர்கள் எங்களில் ஏராளம். அவர் பேச்சுக்கு நடுவில் எழுந்து போவது கோபத்தால் என்று முடிவுகட்டாதீர்கள், பலர் ஒரே நேரத்தில் பேசினால் ஒன்றுமே புரியாமல் போகலாம். காதைச் சோதிக்கச் சொல்லுங்கள். தூக்கத்தில் அலறல், சின்னச் சத்தத்துக்கும் உடல் அதிர்வது, எதிலும் ஒட்டாமல் இருப்பது ஆகியவற்றுக்கு மனநல மருத்துவர் தேவை. செத்துப்போயிருக்கலாம் என்று ஒருமுறை சொன்னாலும் அன்றைக்கே அழைத்துப் போங்கள், நாளை என்று தள்ளாதீர்கள்.

வீட்டில் அவருக்காக எல்லாவற்றையும் நீங்களே செய்துகொண்டிருப்பீர்கள். அன்பினால்தான், தெரியும். என் மனைவியும் அப்படித்தான் இருந்தாள். சீருடையோடு என் பொறுப்புகளும் போய்விட்டிருந்தன, வீட்டிலும் எனக்கு ஒரு வேலையும் மிஞ்சவில்லை. கடைசியில் எல்லோருடைய துணிகளையும் இஸ்திரி போடுவதை நான் எடுத்துக்கொண்டேன். உட்கார்ந்தே செய்யலாம். நான் செய்யாவிட்டால் மறுநாள் பிள்ளைகள் கசங்கிய சட்டையோடு பள்ளிக்குப் போக வேண்டும், வேறு யாரும் தொடக்கூடாது என்பது ஏற்பாடு. ஒரு வேலையை முழுசாக அவரிடம் விட்டுப் பாருங்கள். அவர் தாமதமாகச் செய்தாலும் பிடுங்காதீர்கள்.

"எப்படி இருக்கிறீர்கள்" என்று இனி கேட்க வேண்டாம், அதற்குப் பதில் அவரிடம் தயாராக இருக்கிறது. செயற்கைக் கால் வந்துவிட்டிருந்தால், "இன்று எந்த இடத்தில் உரசுகிறது?" என்று கேளுங்கள். தகவல் கேட்டால் தகவல் சொல்லி எங்களுக்குப் பழக்கம்.

முடிந்தால், இதே போலக் கால் இழந்து சில ஆண்டுகள் ஆன ஒரு முன்னாள் வீரரை வீட்டுக்கு வரவழையுங்கள். முன்னாள் படைவீரர் சங்கத்திலோ செயற்கைக் கால் செய்யும் இடத்திலோ விசாரித்தால் கிடைப்பார். நானும் இப்படிச் சிலரைப் போய்ப் பார்க்கிறேன். அவர் வந்ததும் இருவரையும் அறையில் விட்டுவிட்டு நீங்கள் வெளியே வந்துவிடுங்கள். முதல் அரைமணி நேரம் உள்ளே ஒரு பேச்சுச் சத்தமும் கேட்காமல் இருக்கலாம். கதவைத் தட்டாதீர்கள்.