ரேடியோ அலையில் ரகசியச் சாவி: மகள் இதை எடுக்கலாமா?

அன்புள்ள ஐயா,

இசிஇ மூன்றாம் ஆண்டு படிக்கும் உங்கள் மகள், ஒயர்லெஸ் சிக்னலிலிருந்து ரகசியச் சாவி (செய்தியைப் பூட்டவும் திறக்கவும் உதவும் ரகசிய எண்) உருவாக்கும் ப்ராஜெக்டைக் கேட்கிறார், இதற்கு வேலை கிடைக்குமா என்று எழுதியிருந்தீர்கள். இந்தப் பெயரில் வேலை விளம்பரம் வராது. ஆனாலும் எடுக்கட்டும்.

என்ன செய்யப்போகிறார் என்று சொல்லிவிடுகிறேன். இரண்டு கருவிகள் பேசிக்கொள்ளும்போது அலை சுவர், மேசை, ஆட்கள் மேல் பட்டுச் சிதறித்தான் போய்ச் சேரும். ஒரே அலைவரிசையில், நேர இடைவெளி அதிகமில்லாமல் அளந்தால், போகும்போது பார்த்த ஏற்ற இறக்கமே ஏறக்குறைய வரும்போதும் தெரியும். அதை இருபுறமும் தனித்தனியே 0, 1 என்று மாற்றிச் சாவி செய்கிறார்கள். சாவியை அனுப்ப வேண்டிய தேவையே இல்லை! சிதறல் நிறைந்த இடத்தில், சில அங்குலம் தள்ளி ஒட்டுக்கேட்பவருக்குக் கிடைப்பது வேறு அளவு, 2.4 கிகாஹெர்ட்ஸில் அலைநீளமே 12.5 சென்டிமீட்டர்தான்.

ஆனால் இரைச்சலால் இருவர் அளவும் முழுக்க ஒத்துப்போகாது. பிழை திருத்தும் குறியீடுகளை வைத்துச் சரிசெய்ய வேண்டும். அதற்காக இரு கருவிகளும் பரிமாறிக்கொள்ளும் தகவலில் வெளியே கசிந்ததை ஈடுகட்டச் சாவியைச் சுருக்க வேண்டும். மகளுக்கு உண்மையான சொத்து இந்த இடத்தில்தான் சேரும். நிகழ்தகவு, லீனியர் அல்ஜீப்ரா, தகவல் கோட்பாடு எல்லாம் கைக்கு வந்துவிடும். மோடம் சிப் வடிவமைப்பு, 5ஜி மென்பொருள் வேலைகளுக்கான இன்டர்வியூவில் தோண்டிக் கேட்பதும் இவற்றைத்தான்.

சைபர் செக்யூரிட்டிதான் ஆசை என்றால் இது மட்டும் போதாது. நடைமுறையில் ஓடுவது 1976-இல் வந்த டிஃபி-ஹெல்மன் என்ற கணித முறை வழிச் சாவிப் பரிமாற்றம். குவாண்டம் கணினியைத் தாங்கும் முறைகளுக்கு அமெரிக்காவின் தரநிலை அமைப்பான நிஸ்ட் 2024-இல் தரநிலை வெளியிட்டுவிட்டது. அவற்றையும் படிக்கட்டும். ஆராய்ச்சி என்றால் கேட் எழுதி எம்.டெக் போகலாம்.

இன்னொன்று, மாணவர்கள் வழக்கமாகச் சறுக்கும் இடம். ஆளில்லாத அறையில் போர்டுகளை அசையாமல் வைத்து அளப்பார்கள். எதுவும் மாறாத இடத்தில் சாவியில் சீரற்ற தன்மை இருக்காது, ஊகித்துவிடலாம். அசையாமல் ஒருமுறை, கையில் எடுத்து நடந்தபடி ஒருமுறை அளந்து, மோசமாக வந்ததையும் மறைக்காமல் ரிப்போர்ட்டில் எழுதச் சொல்லுங்கள். இன்டர்வியூவில் அந்தப் பக்கம்தான் பேசவைக்கும்.

செலவு பெரிதில்லை. இதற்குப் போதுமான இஎஸ்பி32 என்ற சிறிய வைஃபை போர்டு சில நூறு ரூபாய்தான். இரண்டோடு நிறுத்தாமல் மூன்றாக வாங்கிக் கொடுங்கள், ஒட்டுக்கேட்பவராக ஒன்று வேண்டும்.