ஓநாயும் வணிகனும்: ‘ஸ்பைஸ் அண்ட் வுல்ஃப்’ கேள்வி பதில்

கதை தெரியாதவர்களுக்காக முதலில் இரண்டு வரி. லாரன்ஸ், ஊர் ஊராகச் சரக்கு ஏற்றிப்போகும் 25 வயது வணிகன். ஹோலோ, பாஸ்லோ என்ற கிராமத்தின் கோதுமைக்குள் பல நூறு ஆண்டுகள் குடியிருந்த ஓநாய்த் தெய்வம். ஒரு நாள், ஓநாய்க் காதும் வாலும் கொண்ட பெண்ணுருவில், அவன் வண்டியில் ஏறிக்கொள்கிறாள். வடக்கே இருக்கும் தன் சொந்த ஊருக்குக் கூட்டிப்போகச் சொல்கிறாள். இசுனா ஹாசெகுரா எழுதிய இந்த லைட் நாவல் (இளம் வாசகர்களுக்கான ஜப்பானிய நாவல் வகை) 2006-ல் தொடங்கி, 2011-ல் 17-ஆம் தொகுதியோடு முதன்மைக் கதையை முடித்தது. நாவலையும், மங்காவையும் (ஜப்பானியப் படக்கதை), அனிமேயையும் (ஜப்பானிய அனிமேஷன் தொடர்) ஒப்பிட்டு நீங்கள் அனுப்பிய கேள்விகளுக்கு என் பதில்கள் இதோ. கதையின் முடிவை எங்கும் சொல்லவில்லை.

கேள்வி: அக்கா, மூன்றில் எதில் தொடங்கலாம்?

நாவலில். முதல் இரண்டு தொகுதிகளைப் படித்துவிட்டு அனிமே பாருங்கள். படிக்கப் பொறுமை இல்லை என்றால் அனிமேயில் தொடங்குவதும் தப்பில்லை. மங்காவில் மட்டும் தொடங்க வேண்டாம். காரணம் கீழே வருகிறது.

கேள்வி: அனிமேயில் அந்த வெள்ளிக் காசு விவகாரம் எனக்குப் புரியவே இல்லை. நாவலில் தெளிவாக இருக்குமா?

இந்தக் கேள்விதான் அதிகம் வந்திருக்கிறது. முதலில் விவகாரத்தைச் சொல்லிவிடுகிறேன்.

ஸெரென் என்ற இளைஞன் லாரன்ஸிடம் வந்து, ஒரு வெள்ளிக் காசின் தரம் சீக்கிரம் உயரப்போகிறது, இப்போதே வாங்கிச் சேர்த்தால் லாபம் என்கிறான். ஹோலோ காசுகளைக் குலுக்கி ஓசையைக் கேட்கிறாள். புதிய காசில் வெள்ளி குறைந்துகொண்டுதான் வருகிறது என்று கண்டுபிடிக்கிறாள். தரம் குறையும் காசை ஒருவன் ஏன் சேர்க்கச் சொல்ல வேண்டும்? அரசனின் கஜானா காலி. 10 காசை உருக்கி வேறு உலோகம் கலந்து 13 காசாக அடித்தால், கையில் 3 காசு மிச்சம். ஆனால் உருக்குவதற்கு அவனுக்குப் பழைய காசு மலையாக வேண்டும். அதை யார் முந்திச் சேர்த்து வைக்கிறார்களோ, அவர்கள் அரசனிடம் போய்க் காசுக்குப் பதிலாக வரிச் சலுகையும் வணிக உரிமையும் கேட்டு வாங்கலாம். உண்மையான லாபம் காசில் இல்லை, அந்த உரிமைகளில் இருக்கிறது. ஸெரெனுக்குப் பின்னால் ஒரு பெரிய வணிக நிறுவனம் இருப்பதும் இதற்காகத்தான்.

அனிமேயிலும் இந்த விளக்கம் உண்டு. ஆனால் இரண்டு பேர் பேசும்போது நம் கண் ஹோலோவின் வால் ஆடுவதைப் பார்க்கிறது, காதில் பாதிதான் விழுகிறது. நாவலில் லாரன்ஸ் ராத்திரி படுத்துக்கொண்டு மனசுக்குள் கணக்குப் போடுகிறான். தப்பாகப் போடுகிறான், அழித்துவிட்டு மறுபடி போடுகிறான். அவனோடு சேர்ந்து நாமும் தப்பாகப் போடுகிறோம். விடை கிடைக்கும்போது வரும் சந்தோஷம் நம்முடையதாகவும் இருக்கிறது. இந்தத் தொடரின் உயிரே அங்கேதான் இருக்கிறது என்பது என் உறுதியான கருத்து. இடைக்கால ஐரோப்பிய வணிகம் பற்றி ஷான் ஃபாவியே எழுதிய வரலாற்று நூலைப் படித்ததில் முளைத்த கதை இது. அந்த வாசிப்பு ஒவ்வொரு தொகுதியிலும் தெரிகிறது.

கேள்வி: 2008 அனிமேயில் வரும் குளோயி, நாவலில் இல்லையே?

இல்லை. நாவலில் அந்த இடத்தில் இருப்பவன் யாரெய், பாஸ்லோ கிராமத்து விவசாயி. 2008-ல் அவனை எடுத்துவிட்டு, லாரன்ஸ் மேல் ஆசை வைத்த ஒரு பெண்ணைக் கொண்டுவந்தார்கள். 2024 அனிமேயில் யாரெய் திரும்பி வந்துவிட்டான்.

குளோயியைப் பிடித்தவர்கள் நிறைய பேர் உண்டு, எனக்கு அந்த மாற்றத்தில் உடன்பாடு இல்லை. நிலத்தடிப் பாதையில் யாரெய் லாரன்ஸை எதிர்கொள்ளும்போது பேசுவது அந்த ஒரு மனிதன் மட்டும் இல்லை, ஒரு ஊரே பேசுகிறது. இத்தனை காலம் எங்களை விளைச்சலுக்காகக் கெஞ்ச வைத்தாய், இனி நீ எங்களுக்குத் தேவையில்லை என்று தெய்வத்திடம் சொல்கிற ஊர். ஹோலோவின் தனிமை எங்கிருந்து வருகிறது என்பது அந்தக் காட்சியில் அப்பட்டமாகத் தெரியும். குளோயி வந்ததும் அது பாதி பொறாமைக் கதையாகிவிடுகிறது.

கேள்வி: பழைய அனிமேயா, புதியதா? ஒன்றுதான் பார்க்க நேரம் இருக்கிறது.

புதியது. 2008-ல் முதல் சீசன், 2009-ல் இரண்டாவது, இரண்டையும் இயக்கியவர் தகேயோ தகாஹாஷி. 2024-ல் முதலிலிருந்து மறுபடி எடுத்தபோதும் தலைமை இயக்குநர் அவர்தான். ஹோலோவுக்கு அமி கோஷிமிஸு, லாரன்ஸுக்கு ஜுன் ஃபுகுயாமா, குரலும் மாறவில்லை. புதியதற்கு 25 எபிசோட் கிடைத்ததால் கதை நிதானமாகப் போகிறது. 2009-ல் 3-ஆம் தொகுதியிலிருந்து நேராக 5-க்குத் தாவிவிட்டார்கள். நடுவில் விட்டுப்போன தெரேயோ கிராமத்துக் கதை 2024-ல் இடம்பெற்றுவிட்டது.

பழையதில் ஒன்று மட்டும் எனக்கு இன்னும் மேல்: அந்த மங்கலான பழுப்பு நிறம். சத்திரத்து அறையில் ஒரு மெழுகுவத்தி மட்டும் எரிவது போன்ற வெளிச்சம். புதியது கொஞ்சம் பளிச்சென்று இருக்கிறது. பழையதைப் பார்ப்பவர்கள் முதல் சீசனின் 7-ஆம் எபிசோடைத் தேடிப் பாருங்கள். அது தொலைக்காட்சியில் வரவில்லை, டிவிடியில் மட்டும் வந்தது.

கேள்வி: மங்கா எப்படி?

கெய்ட்டோ கோஉமே வரைந்தது, 16 தொகுதிகள். சந்தை, துறைமுகம், வண்டி, குதிரைச் சேணம் எல்லாவற்றையும் பார்த்துப் பார்த்து வரைந்திருக்கிறார். பேரம் பேசும் காட்சிகளில் ஒரு பக்கத்தை நிறுத்தி எத்தனை நேரம் வேண்டுமானாலும் பார்க்கலாம். அனிமேயில் அந்த வசதி இல்லை. ஆனால் நாவலின் எல்லாக் கதைகளும் இதில் இல்லை, மங்கா மட்டும் படித்தால் சங்கிலியில் சில கண்ணிகள் விட்டுப்போகும். நிர்வாணக் காட்சிகளும் அனிமேயைவிட வெளிப்படையாக இருக்கும். வீட்டில் சின்னப் பிள்ளைகள் கையில் கொடுக்கிற புத்தகம் இல்லை.

கேள்வி: அனிமே பார்த்து ஹோலோவுக்காக நாவலுக்கு வந்தேன். அதில் அவள் கொஞ்சம் தள்ளி நிற்பது போல இருக்கிறதே?

சரியாகக் கவனித்திருக்கிறீர்கள். நாவல் லாரன்ஸின் தலைக்குள் இருக்கிறது. ஹோலோ சிரித்தால், அது கிண்டலா, கோபமா, பயமா என்று அவனுக்குத் தெரியாது, அதனால் நமக்கும் தெரியாது. அனிமேயில் அவள் முகமும் குரலும் நேராக நமக்குக் கிடைத்துவிடுகின்றன. லாரன்ஸுக்கு முன்பே நாம் புரிந்துகொண்டு விடுகிறோம். அங்கே அவள் கதை, இங்கே அவளைப் புரிந்துகொள்ளத் தவிக்கிறவன் கதை.

உங்களுக்கு 7-ஆம் தொகுதியைச் சொல்வேன். அது சிறுகதைத் தொகுப்பு. அதில் ஒரு கதை ஹோலோவின் பார்வையில் வருகிறது. இரண்டாம் தொகுதிக்குப் பிறகு நடக்கிறது: இடையச்சி நோராவோடு விருந்துக்கு உட்கார்ந்த ஹோலோ, பயணக் களைப்பில் விழுந்துவிடுகிறாள். படுக்கையில் கிடந்தபடி லாரன்ஸைப் பற்றி அவள் நினைப்பதைப் படித்தால், அதுவரை அவன் எத்தனை இடத்தில் அவளைத் தப்பாகப் புரிந்துகொண்டான் என்று தெரியும். அப்புறம் முதல் தொகுதியை மறுபடி எடுக்காமல் இருக்க முடியாது.

கேள்வி: 2024 அனிமே முழுக்கப் பார்த்துவிட்டேன். நாவலில் எங்கிருந்து தொடரலாம்?

5-ஆம் தொகுதி, லெனோஸ் நகரம். தோல் வியாபாரமும் ஈவ் என்ற பெண் வணிகரும் வருகிறார்கள். லாரன்ஸுக்குச் சரிசமமாகப் பேரம் பேசத் தெரிந்த ஆள். 2009 சீசனைப் பார்த்தவர்களுக்கு இந்தக் கதை தெரிந்திருக்கும், ஆனாலும் 6-க்குத் தாவ வேண்டாம். ஹோலோவை அடகு வைத்துப் பணம் புரட்டும் யோசனைக்கு லாரன்ஸ் சம்மதிக்கும் அத்தியாயங்களை நாவலில்தான் படிக்க வேண்டும்.