மியூனிக் – சால்ஸ்பர்க்: டிக்கெட், பாஸ்போர்ட் குழப்பம்

நீங்கள் நாலு பேர், ஒருவரிடம் மட்டும் டாய்ச்லாண்ட் டிக்கெட் (ஜெர்மனி முழுக்கப் பிராந்திய ரயில்களில் செல்லும் மாதப் பாஸ்) இருக்கிறது, ஞாயிறன்று மியூனிக்கிலிருந்து ஆஸ்திரியாவில் உள்ள சால்ஸ்பர்க் போய்வர எல்லைக்கு அப்பால் தனி டிக்கெட் வேண்டுமா என்றுதானே கேட்டிருக்கிறீர்கள்? வேண்டாம். டாய்ச்லாண்ட் டிக்கெட் சால்ஸ்பர்க் மெயின் ஸ்டேஷன் வரை செல்லும். மற்ற மூவரும் சேர்ந்து ஒரு பயர்ன் டிக்கெட் (பவேரியா மாநிலப் பிராந்திய ரயில்களுக்கான ஒருநாள் குழு டிக்கெட்) எடுங்கள், அதுவும் அங்கேவரை செல்லும். வார நாட்களில்தான் காலை 9 மணிக்கு முன் பயர்ன் டிக்கெட் செல்லாது என்ற கட்டுப்பாடு. ஞாயிறில் விடியற்காலையிலேயே கிளம்பலாம். டிக்கெட்டில் மூவர் பெயரும் இருக்கணும்.

ஆனால் ரயில்ஜெட், ஐசி மாதிரி வேக வண்டிகளில் இந்த இரண்டு டிக்கெட்டும் செல்லாது, தப்பித் தவறியும் ஏறாதீர்கள். பிராந்திய ரயிலே இரண்டு மணி நேரத்துக்குள் போய்விடும். சில வண்டிகள் வழியில் ரோசன்ஹைம் ஸ்டேஷனில் இரண்டாகப் பிரிந்து ஒரு பாதி குஃப்ஸ்டைன் என்ற வேறு ஊர்ப் பக்கம் திரும்பிவிடும். பெட்டிக் கதவருகே திரையில் ஓடும் ஊர்ப் பெயரைப் பார்த்து ஏறுங்கள்.

அப்புறம் பாஸ்போர்ட். ஷெங்கன்தானே (எல்லைச் சோதனை இல்லாத ஐரோப்பிய நாடுகளின் பகுதி) என்று அறையில் வைத்துவிட்டு வராதீர்கள். திரும்பும்போது எல்லையோர ஜெர்மன் ஊரான ஃப்ரைலாசிங் பக்கம் ஜெர்மன் போலீஸ் ஏறிச் சோதிப்பது உண்டு. வதிவிட அட்டை மட்டும் போதாது, இரண்டும் கையில் இருக்கட்டும்.

சால்ஸ்பர்க்கில் ஞாயிறன்று கடைகள் பெரும்பாலும் மூடியிருக்கும். ஸ்டேஷனுக்குள் இருக்கும் சூப்பர்மார்க்கெட்டில் தண்ணீர், தீனி வாங்கிக்கொள்ளுங்கள். மிராபெல் தோட்டத்துக்குக் கட்டணம் கிடையாது. மலைமேல் இருக்கும் கோட்டைக்குக் கால் வலிக்காதென்றால் நடந்தே ஏறலாம்.