எந்த மனுவை எந்த அலுவலகத்தில் கொடுப்பது? கேள்வி பதில்

வட்டாட்சியர் அலுவலகத்தில் நெடுங்காலம் பணியாற்றி ஓய்வு பெற்றவன் என்ற முறையில், தமிழ்நாட்டின் பல ஊர்களிலிருந்து வந்த கேள்விகளுக்கு எனக்குத் தெரிந்த அளவில் இங்கே பதிலளிக்கிறேன்.

கேள்வி (தஞ்சாவூர்): ஐயா, 2009இல் கிரயம் வாங்கிய மனையின் பட்டா இன்றும் விற்றவர் பெயரிலேயே இருக்கிறது. சார்பதிவாளர் அலுவலகத்தில் கேட்டால் தாலுகா ஆபீசுக்குப் போகச் சொல்கிறார்கள். கலெக்டரிடம் திங்கட்கிழமை மனு கொடுத்தும் பயன் இல்லை.

பதில்: சார்பதிவாளர் அலுவலகத்தில் சொன்னது சரிதான். பத்திரம் பதிவுத் துறையைச் சேர்ந்தது, பட்டா வருவாய்த் துறையைச் சேர்ந்தது. பத்திரம் பதிவானதும் பட்டா தானாகவே மாறிவிடும் என்று நம்பி, பதினைந்து இருபது ஆண்டுகள் கழித்து விற்கப் போகும்போதுதான் விழித்துக்கொள்பவர்கள் ஏராளம். திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாளில் தாங்கள் கொடுத்த மனுவும் பதிவு செய்யப்பட்டு, நடவடிக்கைக்காக அதே வட்டாட்சியருக்குத்தான் அனுப்பப்பட்டிருக்கும். ஆட்சியர் நேரடியாகப் பட்டா மாற்றித் தருவதில்லை.

எனவே கிரயப் பத்திரம், வில்லங்கச் சான்று ஆகியவற்றுடன் இ-சேவை மையத்தில் பட்டா மாறுதலுக்கு முறைப்படி விண்ணப்பியுங்கள். வாங்கியது முழுப் புல எண் (சர்வே நம்பர்) என்றால் வேலை எளிது. அதில் ஒரு பகுதி மட்டும் என்றால் நில அளவர் வந்து அளந்து உட்பிரிவு செய்தாக வேண்டும், தாமதம் பெரும்பாலும் அங்கேதான் ஏற்படுகிறது. விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டால் வாய்மொழிப் பதிலோடு திரும்பி வராமல், காரணம் குறிப்பிட்ட ஆணையைக் கேட்டுப் பெறுங்கள். 1983ஆம் ஆண்டின் பட்டா பாஸ் புத்தகச் சட்டப்படி அந்த ஆணையின் மீதுதான் வருவாய்க் கோட்டாட்சியரிடம் மேல்முறையீடும், அதன் பின்னர் மாவட்ட வருவாய் அலுவலரிடம் சீராய்வும் செய்ய முடியும். ஆணை கையில் இல்லாமல் கோட்டாட்சியரைப் பார்த்தாலும் அவரும் மனுவை வட்டாட்சியருக்கே திருப்புவார். ஆனால் விற்றவரின் பங்காளிகள் "இது எங்கள் சொத்து" என்று ஆட்சேபித்தால், உரிமை யாருக்கு என்பதை வருவாய் அலுவலர் எவரும் தீர்மானிக்க இயலாது. அது உரிமையியல் நீதிமன்றத்தின் வேலை.

கேள்வி (மதுரை): எங்கள் தாத்தாவின் நிலத்தை ஆள்மாறாட்டம் செய்து வேறொருவர் பதிவு செய்துவிட்டார். மாவட்டப் பதிவாளரே போலிப் பத்திரத்தை ரத்து செய்வார் என்கிறார்களே?

பதில்: பதிவுச் சட்டத்தில் 77-அ என்ற பிரிவைத் தமிழ்நாடு அரசு சேர்த்து, 2022 முதல் அந்த அதிகாரத்தை மாவட்டப் பதிவாளருக்குக் கொடுத்தது உண்மை. எனினும் 2024இல் சென்னை உயர் நீதிமன்றம் அந்தப் பிரிவைச் செல்லாது என்று அறிவித்துவிட்டது. தாங்கள் கேள்விப்பட்டது அதற்கு முந்தைய நிலை. இப்போது தங்களுக்கு இரண்டு வேலைகள் உள்ளன. பத்திரத்தை ரத்து செய்யக் கோரி உரிமையியல் நீதிமன்றத்தில் வழக்குத் தொடர வேண்டும். மோசடி தெரிய வந்த நாளிலிருந்து 3 ஆண்டுகள் என்ற கால வரம்பு உண்டு என்பதால் அலுவலகம் அலுவலகமாக அலைந்து நாளைக் கடத்த வேண்டாம். ஆள்மாறாட்டக் குற்றத்துக்குக் காவல் துறையில் புகார் கொடுக்க வேண்டும். மாநகர எல்லைக்குள் மத்தியக் குற்றப் பிரிவு, வெளியில் மாவட்டக் குற்றப் பிரிவு. புகாரைப் பெற்றுக்கொண்டதற்குக் காவல் நிலையம் தரும் சி.எஸ்.ஆர். ரசீதை வாங்காமல் வெளியே வராதீர்கள்.

கேள்வி (சேலம்): வாரிசுச் சான்று கொடுத்தும் வங்கி அப்பாவின் வைப்புத்தொகையைத் தர மறுக்கிறது.

பதில்: வட்டாட்சியர் தருவது வாரிசுச் சான்று, வாரிசுகள் யார் யார் என்பதை மட்டுமே அது சொல்லும். நியமனதாரர் (நாமினி) இல்லாத பெரிய தொகைகளுக்கு வங்கிகள் கேட்பது, 1925ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டத்தின் கீழ் நீதிமன்றம் வழங்கும் வாரிசுரிமைச் சான்று. பெயர் ஒற்றுமையால் வரும் குழப்பம் இது. எந்தச் சான்று தேவை என்று வங்கியிடம் எழுத்தில் கேட்டுவிட்டு அலையத் தொடங்குங்கள்.

கேள்வி (திருச்சி): மகனுக்கு வீட்டை செட்டில்மென்ட் எழுதிக் கொடுத்த எங்கள் அத்தைக்கு இப்போது சாப்பாடுகூடக் கிடைப்பதில்லை. வழக்கு நடத்த வசதியும் இல்லை.

பதில்: அத்தைக்கு 60 வயது நிறைந்திருந்தால், 2007ஆம் ஆண்டின் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டப்படி வருவாய்க் கோட்டாட்சியர் தலைமையிலான தீர்ப்பாயத்தில் மனு செய்யலாம். மாதம் 10,000 ரூபாய் வரை பராமரிப்புத் தொகை கேட்கலாம். பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு எழுதிக் கொடுத்த சொத்தாக இருந்தால், 23ஆம் பிரிவின் கீழ் அந்தப் பத்திரத்தையே செல்லாததாக்கக் கோரலாம். அந்த நிபந்தனை பத்திரத்திலேயே எழுதப்பட்டிருந்தால் மனு வலுவாக நிற்கும், இல்லையென்றால் வாதாட வேண்டியிருக்கும். பாசத்தில் எழுதுகிறவர்கள் அந்த ஒரு வரியை எழுதக் கூச்சப்படுகிறார்கள். கூச்சப்படத் தேவையில்லை என்பது என் கருத்து. தீர்ப்பாயத்தின் ஆணை பாதகமாக வந்தால் 60 நாட்களுக்குள் மாவட்ட ஆட்சியரிடம் மேல்முறையீடு செய்யலாம்.

வழக்கறிஞர் தேவைப்பட்டால், மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் இயங்கும் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகுங்கள். பெண்களுக்கு வருமான வரம்பு ஏதுமின்றி இலவசச் சட்ட உதவி உண்டு. தொலைபேசி எண் 15100.

கேள்வி (ஓசூர்): பி.எஃப். பணம் வரவில்லை. தொழிலாளர் அலுவலகத்தில் புகார் செய்யலாமா?

பதில்: பி.எஃப். மத்திய அரசின் நிறுவனம். அதன் மண்டல அலுவலகத்தில்தான் முறையிட வேண்டும்.

கேள்வி (விழுப்புரம்): என் மனு எந்த அலுவலகத்தில் இருக்கிறது என்பதே தெரியவில்லை. யாரைக் கேட்பது?

பதில்: மனுவைப் பெற்ற அலுவலகத்தின் பொதுத் தகவல் அலுவலருக்கு, 10 ரூபாய்க்கான நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டித் தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ் விண்ணப்பியுங்கள். "என் மனு எந்த எண்ணில் பதிவாகியுள்ளது, எந்த நாளிலிருந்து எந்த அலுவலரிடம் நிலுவையில் உள்ளது" என்று மட்டும் கேளுங்கள். "ஏன் இன்னும் செய்யவில்லை" என்று கேட்டால் அது தகவல் அல்ல என்று தட்டிக் கழித்துவிடுவார்கள். தவறான அலுவலகத்துக்கு அனுப்பிவிட்டோமோ என்ற கவலையும் வேண்டாம். 6(3) பிரிவின்படி 5 நாட்களுக்குள் உரிய அலுவலகத்துக்கு விண்ணப்பத்தை மாற்றி அனுப்பி, அதைத் தங்களுக்கும் தெரிவிக்க வேண்டியது அவர்களின் கடமை. அந்தக் கடிதத்திலேயே தாங்கள் தேடும் அலுவலகத்தின் முகவரி இருக்கும்.