‘ஒண்ணும் செய்யாதுங்க’ என்று சொன்னால் போதுமா?

வாசகர் கேள்விகளுக்குக் கால்நடை மருத்துவர் பதில்

செல்லப்பிராணிகளோடு வெளியே போவது பற்றிப் போன இதழில் எழுதியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே விஷயத்தைத்தான் கேட்கின்றன: கடைக்கும் ஓட்டலுக்கும் நாயைக் கூட்டிப் போகலாமா? அதனால் இந்த முறை அதை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: எங்கள் வீட்டில் ஒரு லாப்ரடார் இருக்கிறது. தடுப்பூசி எல்லாம் போட்டாயிற்று, மாநகராட்சி உரிமமும் இருக்கிறது. போன வாரம் ஒரு ஓட்டலில் எங்களை வாசலிலேயே நிறுத்திவிட்டார்கள். ஜெர்மனியில் இருக்கும் என் தம்பி நாயோடுதான் ஓட்டலுக்குப் போகிறான். செல்லப்பிராணிகளுக்குத் தடை போடக்கூடாது என்று விலங்குகள் நல வாரியமே சொல்லியிருக்கிறது. இங்கே மட்டும் ஏன் இப்படி?
- ஒரு வாசகி, சென்னை

பதில்: உங்கள் கோபம் புரிகிறது, ஆனால் அந்த ஓட்டல்காரர் செய்தது சரிதான். உணவு வணிகங்களுக்கு உரிமம் கொடுப்பது பற்றிய 2011-ஆம் ஆண்டு விதிமுறைகளில் நான்காம் அட்டவணை என்று ஒன்று உண்டு, சுத்தம் சுகாதாரம் பற்றியது. எலி, பூச்சி வராமல் தடுப்பதைச் சொல்லும் இடத்திலேயே விலங்குகள், பறவைகள், செல்லப்பிராணிகள் எதையும் உணவு நிறுவனத்துக்குள் விடக்கூடாது என்றும் அதில் எழுதியிருக்கிறது. உங்களை உள்ளே விட்ட பிறகு பக்கத்து மேசையில் இருப்பவர் உணவுப் பாதுகாப்பு அலுவலரிடம் புகார் கொடுத்தால், பதில் சொல்ல வேண்டியவர் அந்த ஓட்டல்காரர்தான், நீங்கள் இல்லை.

நீங்கள் சொல்லும் வாரியத்தின் சுற்றறிக்கை 2015-இல் வந்தது. நிறையப் பேர் அதைக் கைபேசியில் வைத்துக்கொண்டு கடைக்காரரிடம் காட்டுகிறார்கள். அது குடியிருப்புகளைப் பற்றியது. சங்கம் கூடித் தீர்மானம் போட்டு நாய் வளர்க்கக்கூடாது, லிஃப்டில் ஏற்றக்கூடாது என்றெல்லாம் தடுக்க முடியாது என்கிறது. அதை வைத்துக்கொண்டு ஒரு தனியார் கடைக்குள் நுழையும் உரிமையைக் கேட்க முடியாது.

ஜெர்மனி பற்றி உங்கள் தம்பி சொல்வது உண்மை. ஐரோப்பிய ஒன்றியத்தின் உணவுச் சுகாதார விதி, உணவைத் தயாரிக்கும் இடத்திலும் கையாளும் இடத்திலும் சேமிக்கும் இடத்திலும்தான் வீட்டு விலங்குகளைத் தடுக்கச் சொல்கிறது. சாப்பிடும் கூடத்தில் விடுவதா வேண்டாமா என்பது அங்கே பெரும்பாலும் உரிமையாளரின் முடிவு. ஆனால் அதே ஜெர்மனியில் சூப்பர் மார்க்கெட் வாசலில் நாய்ப் படம் போட்டு ‘நாங்கள் வெளியேதான் இருக்க வேண்டும்’ என்று எழுதிய பலகை தொங்கும், தம்பியிடம் கேட்டுப் பாருங்கள். எல்லாக் கதவும் திறந்திருக்கிறது என்று நினைக்க வேண்டாம்.

அதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. ஜெர்மனியில் வௌவால்களைத் தவிர மற்ற விலங்குகளிடம் ரேபிஸ் இல்லை என்று 2008-லேயே அறிவித்துவிட்டார்கள். அங்கே ஓட்டலில் நாய் நகம் பட்டுவிட்டால் கழுவிவிட்டுச் சாப்பாட்டைத் தொடரலாம். நம் ஊரில் முடியாது. உங்கள் லாப்ரடார் பாசமாகத் தாவும்போது பக்கத்து மேசைக் குழந்தையின் தொடையில் லேசாகக் கீறிவிட்டது, ரத்தம்கூட வரவில்லை என்று வையுங்கள், அதற்கும் நாங்கள் தடுப்பூசி போடத்தான் சொல்வோம். அரசு மருத்துவமனைகளில் போடும் முறைப்படி முதல் நாள், பிறகு 3, 7, 28-ஆம் நாட்கள். வேலையை விட்டு, பள்ளியை விட்டு, வரிசையில் நின்று போட வேண்டும். உங்கள் நாயின் தடுப்பூசி அட்டை சரியாகவே இருக்கலாம், ஆனால் உங்களை முன்பின் அறியாத ஒரு தாய் அந்த அட்டையை நம்பி ஊசியைத் தள்ளிப்போடுவார் என்று எதிர்பார்க்க நமக்கு என்ன உரிமை இருக்கிறது? ரேபிஸ் அறிகுறி தெரிந்துவிட்டால் பிழைப்பது ஏறக்குறைய இல்லை. அந்தப் பயத்துக்கு நியாயம் இருக்கிறது.

இனி உங்கள் நாயின் பக்கம் பேசுகிறேன், நான் அதற்கும் மருத்துவன். ஞாயிற்றுக்கிழமை மதியம் ஓட்டல் எப்படி இருக்கும்? தட்டு விழும் சத்தம், வழுக்கும் டைல்ஸ் தரை, தலைக்கு மேலே தட்டோடு ஓடுகிற ஆட்கள், மூக்கைத் துளைக்கும் வாசனை, ஆனால் எதையும் தொடக்கூடாது. மேசைக்கடியில் ஒரு மணி நேரம் அசையாமல் கிட என்கிறோம். நாய் குரைக்காமல் இருந்தால் ‘எவ்வளவு சமத்து’ என்று பெருமைப்படுகிறோம், ஆனால் நிறைய நாய்கள் பயத்தில்தான் அப்படிக் கிடக்கின்றன. தூக்கமே வராத நேரத்தில் அடிக்கடி கொட்டாவி விடுகிறதா, சாப்பிடாமலே உதட்டை நக்குகிறதா, முகத்தைத் திருப்பிக்கொள்கிறதா, கண்ணின் வெள்ளை ஓரமாகத் தெரிகிறதா, வால் கால்களுக்கிடையே போய்விட்டதா, குளிர்ந்த அறையிலும் மூச்சு வாங்குகிறதா என்று பாருங்கள். இவற்றில் இரண்டு மூன்று சேர்ந்து தெரிந்தால் அது ‘வீட்டுக்குப் போகலாம்’ என்கிறது. இவ்வளவையும் கவனிக்காமல் விட்ட பிறகுதான் பல நாய்கள் உறுமுகின்றன, கடிக்கின்றன. ‘திடீர்னு கடிச்சிடுச்சு’ என்று என்னிடம் வந்து சொல்கிறவர்களில் பலர் இந்த அடையாளங்களைப் பார்த்திருக்கிறார்கள், அர்த்தம்தான் தெரியவில்லை.

சாப்பாட்டு ஆபத்தும் உண்டு. பக்கத்து மேசையிலிருந்து ஆசையாகப் பிரியாணி எலும்பைப் போடுவார்கள். வெந்த எலும்பு கூராக உடைந்து தொண்டையிலும் குடலிலும் குத்தும். வெங்காயமும் பூண்டும் நாயின் ரத்த அணுக்களையே சிதைக்கும். நம் குழம்பில் இரண்டும் இல்லாமல் இருக்காது.

விதி அப்படி என்றாலும், நாய்களை அனுமதிக்கிறோம் என்று வெளிப்படையாகச் சொல்லியே நடத்தும் கஃபேக்கள் பெரிய ஊர்களில் இருக்கின்றன. ஆசை இருந்தால் அங்கே போங்கள், கூட்டம் குறைந்த நேரத்தில், திறந்தவெளியில், தரையில் கால் வழுக்காத இடமாகப் பார்த்து. அங்கே உட்காருகிறவர் எல்லோரும் நாய் வரும் என்று தெரிந்தே வருகிறார்கள், அது பெரிய வித்தியாசம். குட்டியாக இருந்தால் மட்டும் நான்கு மாதம் ஆகி, தடுப்பூசிகள் முழுக்க முடியும் வரை கூட்டிப் போகவே வேண்டாம். குட்டிகளின் உயிரையே பறிக்கக்கூடிய பார்வோ வைரஸ் தரையில் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும், சாதாரணமாகத் துடைத்தால் போகாது.

கேள்வி: என் மகளுக்கு ஆறு வயது. தெருநாய் கடித்ததிலிருந்து நாயைப் பார்த்தாலே உடம்பு நடுங்குகிறது. துணிக்கடையில் ஒருவர் பெரிய நாயோடு வந்தார். தள்ளிப் பிடியுங்கள் என்றேன். “ஒண்ணும் செய்யாதுங்க, நீங்கதான் குழந்தையைப் பயமுறுத்தி வளர்க்கிறீங்க” என்றார். நான் சொன்னது தப்பா?
- ஒரு தாய், மதுரை

பதில்: தப்பே இல்லை அம்மா. ‘ஒண்ணும் செய்யாதுங்க’ என்பதை நாய் வளர்ப்பவர்கள் நல்ல மனதோடுதான் சொல்கிறார்கள், ஆனால் அது எதிரில் நிற்பவரின் பயத்துக்குப் பதில் ஆகாது. வாரைச் சுருக்கிப் பிடித்துக்கொண்டு இரண்டடி தள்ளி நிற்பதுதான் பதில். நாய் வளர்ப்பவர்களுக்கு இதை உறுதியாகச் சொல்கிறேன்: பயந்த குழந்தையிடம் நாயைக் கொண்டுபோய்த் ‘தொட்டுப் பாரு, பயம் போயிடும்’ என்று நிற்காதீர்கள், பயம் இன்னும் கூடும்.

2024 மே மாதம் சென்னையில் ஒரு பூங்காவில் ஐந்து வயதுச் சிறுமியை இரண்டு ராட்வீலர்கள் குதறியது எல்லோருக்கும் நினைவிருக்கும். அவை வளர்ப்பு நாய்கள். பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 291-ஆம் பிரிவு, தன் பொறுப்பில் உள்ள விலங்கால் மனித உயிருக்கு ஆபத்தோ கொடுங்காயமோ வராதபடி பார்த்துக்கொள்ளாதவருக்கு ஆறு மாதம் வரை சிறை, ஐந்தாயிரம் ரூபாய் வரை அபராதம் என்கிறது. அடுத்த முறை அந்த ஆளிடம் பேச வேண்டாம், கடை மேலாளரைக் கூப்பிட்டுச் சொல்லுங்கள். மகளின் பயத்தைப் போக்க வேண்டும் என்றால் அதை மெதுவாக, தூரத்திலிருந்து, அவள் விருப்பத்தோடு செய்யலாம், துணிக்கடை அதற்கு இடம் இல்லை.

கேள்வி: கலிபோர்னியாவில் மகன் வீட்டுக்கு வந்திருக்கிறேன். இங்கே மளிகை வாங்கும் தள்ளுவண்டியிலேயே நாயை உட்கார வைக்கிறார்கள். கேட்டால் ‘சர்வீஸ் டாக்’ என்கிறார்கள். எல்லாமே அப்படித்தானா?
- ஒரு வாசகி, கும்பகோணம்

பதில்: எல்லாம் இல்லை. அமெரிக்காவின் 1990-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் சட்டப்படி, ஒருவரின் உடல் அல்லது மனக் குறைபாட்டுக்கு உதவக் குறிப்பிட்ட வேலை பழக்கப்பட்ட நாய்தான் சேவை நாய். மனசுக்கு ஆறுதலாக இருக்கிறது என்பது மட்டும் போதாது. கடைக்காரர் சான்றிதழ் கேட்கக்கூடாது, இரண்டே கேள்வி கேட்கலாம்: மாற்றுத்திறன் காரணமாகத் தேவைப்படும் சேவை நாயா, என்ன வேலை செய்யப் பழகியிருக்கிறது? பார்வையற்றவரையும் வலிப்பு நோயாளியையும் வாசலில் நிறுத்தி நோயை விளக்கச் சொல்லக்கூடாது என்ற நல்ல எண்ணத்தில் வைத்த ஏற்பாடு அது. அதைத்தான் சிலர் இணையத்தில் ஒரு மேலங்கி வாங்கி மாட்டிவிட்டுத் தவறாகப் பயன்படுத்துகிறார்கள். கலிபோர்னியாவில் அப்படிப் பொய் சொல்வது குற்றம், ஆயிரம் டாலர் வரை அபராதமும் ஆறு மாதம் வரை சிறையும் உண்டு. உண்மையான சேவை நாயே ஆனாலும் கட்டுக்கடங்காமல் போனால் வெளியே கொண்டுபோகச் சொல்லலாம்.

போலி நாய் ஒன்று கடையில் குரைத்து ரகளை செய்தால், அடுத்து வரும் பார்வையற்றவரைத்தான் ஊழியர் சந்தேகமாகப் பார்ப்பார். எனக்கு இதில் வரும் கோபம் கொஞ்சமில்லை. அங்கே சாதாரணச் செல்ல நாயோடு சாப்பிட ஆசைப்படுகிறவர்களுக்கு நேர்மையான வழியும் இருக்கிறது: 2015 முதல் கலிபோர்னியாவில் உணவகங்கள் விரும்பினால் வெளிப்புற மேசைகளில் நாய்களை அனுமதிக்கலாம்.

கேள்வி: நாயை உள்ளே விடவில்லை என்றால் ஏசி போட்டுக் காரிலேயே விட்டுவிட்டுச் சாப்பிடலாமா?
- ஒரு வாசகர், வேலூர்

பதில்: வேண்டாம். எஞ்சின் நின்றால் ஏசியும் நிற்கும். வெளியே 35 டிகிரி என்றால் மூடிய காருக்குள் பத்து நிமிடத்திலேயே 45-ஐத் தொட்டுவிடும், ஜன்னலை ஒரு விரல் இறக்கி வைப்பதில் பயன் இல்லை. நாய்க்கு நம்மைப் போல உடம்பெல்லாம் வியர்க்காது. வீட்டில் விட்டு வாருங்கள், இல்லையென்றால் பார்சல் வாங்குங்கள்.

கேள்வி: எனக்குப் பார்வை கிடையாது, கல்லூரியில் பாடம் நடத்துகிறேன். வழிகாட்டி நாய் வைத்துக்கொள்ள வேண்டும் என்பது நீண்ட நாள் ஆசை. எல்லோரும் நாயே வேண்டாம் என்று சொல்லும்போது, நாளை என்னையும் ஓட்டல் வாசலில் நிறுத்துவார்களோ என்று இருக்கிறது.
- ஒரு வாசகர், திருச்சி

பதில்: உங்களை நிறுத்தக்கூடாது. செல்ல நாயைக் கூட்டிப் போக வேண்டாம் என்பதற்கு மேலே நான் சொன்ன காரணங்கள் வழிகாட்டி நாய்க்குப் பொருந்தாது. முதல் உலகப் போரில் கண்ணிழந்த வீரர்களுக்காக 1916-இல் ஜெர்மனியின் ஓல்டன்பர்க்கில் முதல் பயிற்சிப் பள்ளி தொடங்கியது. அப்போதிலிருந்து இந்த நாய்களைத் தேர்ந்தெடுப்பதும் பழக்குவதும் தனிக் கலையாகவே வளர்ந்திருக்கிறது. கூட்டத்தைக் கண்டு மிரளாத குணமா என்று பார்த்துப் பார்த்து எடுக்கிறார்கள், மேசைக்கடியில் சுருண்டு படுக்கவும் கீழே விழுந்த உணவைத் தொடாமல் இருக்கவும் மாதக்கணக்கில் கற்றுக்கொடுக்கிறார்கள். ஓட்டலில் அது இருப்பதே பலருக்குத் தெரியாது. பிரிட்டனில் இப்படி ஒரு நாயோடு வந்தவரைத் திருப்பி அனுப்பினால் 2010-ஆம் ஆண்டு சமத்துவச் சட்டப்படி அது பாகுபாடு.

நம் நாட்டில் வழிகாட்டி நாய்கள் மிக அரிது. நான் முதலில் சொன்ன உணவு விதியின் அந்த வரியில் இவற்றுக்கு விலக்கு எழுதப்படவில்லை. எழுதப்பட வேண்டும், ஒரே ஒரு வாக்கியம் சேர்த்தால் போதும். ஆனாலும் உங்களுக்குப் பிடிமானம் இருக்கிறது: 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், நியாயமான வசதி செய்து தர மறுப்பதையும் பாகுபாடு என்றே வரையறுக்கிறது. எங்காவது மறுத்தால் தேதி, நேரம், கடை, பேசியவர் சொன்ன வார்த்தைகள் எல்லாவற்றையும் குறித்துக்கொண்டு மாநில மாற்றுத்திறனாளிகள் ஆணையரிடம் எழுத்தில் புகார் கொடுங்கள்.

மற்ற வாசகர்களுக்கும் ஒன்று சொல்லிவிடுகிறேன். சேணம் போட்ட வழிகாட்டி நாயை எங்காவது பார்த்தால் தட்டிக்கொடுக்காதீர்கள், பிஸ்கட் நீட்டாதீர்கள், கூப்பிடாதீர்கள். அது வேலையில் இருக்கிறது. உதவ நினைத்தால் நாயிடம் போகாமல் அதன் உரிமையாளரிடம் பேசுங்கள், அவர் வேண்டும் என்றால் சொல்வார்.