சுற்றுச்சுவர் மதிப்பீடு நியாயமானதா?

கேள்வி: தோட்டத்தைச் சுற்றி 40 அடி நீளம், 5 அடி உயரத்துக்கு 9 இன்ச் செங்கல் சுவர். மேஸ்திரி மொத்தத் தொகையை மட்டும் ஒரே வரியில் எழுதித் தந்தார். அதிகமா, சரியா?

பதில்: ஒரே வரியை வைத்து யாராலும் சொல்ல முடியாது. பொருள், கூலி, அஸ்திவாரம், பூச்சு என்று பிரித்து எழுதித் தரச் சொல்லுங்கள். தர மறுப்பவரிடம் வேலையைக் கொடுக்காதீர்கள்.

உங்கள் சுவர் 200 சதுர அடி. சேதாரம் சேர்த்து சுமார் 2,000 செங்கல் ஆகும். 1:6 கலவையில் (ஒரு பங்கு சிமென்ட், ஆறு பங்கு மணல்) கட்டுவதற்கு ஆறேழு மூட்டை சிமென்ட், அரை யூனிட் (50 கன அடி) எம்-சாண்ட், அதாவது கல்லை உடைத்துச் செய்யும் மணல், போதும். பூச்சுக்கு மேலும் நான்கு மூட்டை. உள்ளூர்க் கடையில் விலை கேட்டுப் பெருக்குங்கள். மிச்சம் அஸ்திவாரச் செலவும் கூலியும் லாபமும். பூச்சை 400 சதுர அடி என்று போட்டிருந்தால் பதறாதீர்கள், இரண்டு பக்கமும் பூச வேண்டுமே.

ரொம்பக் குறைவான தொகைதான் ஆபத்து. பெரும்பாலும் அஸ்திவாரத்தில்தான் கை வைப்பார்கள். வானம் (அஸ்திவாரக் குழி) எத்தனை அடி ஆழம், அடியில் எத்தனை இன்ச் கான்கிரீட் என்று எழுத்தில் வாங்குங்கள். கரிசல் மண்ணில் ஒன்றரை அடியோடு நிறுத்தினால், மழைக்கு உப்பி வெயிலுக்குச் சுருங்கும் மண் சுவரைப் பிளந்துவிடும். தோண்டிய மண்ணை அகற்றுவது, கட்டிய சுவருக்கு ஏழு நாள் தண்ணீர் விடுவது யார் பொறுப்பு என்பதையும் கேளுங்கள். முன்பணம் பொருள் வாங்கும் அளவுக்கு மட்டும்; கடைசி பத்து சதவீதத்தைப் பூச்சு காய்ந்த பிறகு கொடுங்கள்.